முறை மாறும் நாள்

பெந்தாவின் அறையில் அவள் புருஷன் மக்தார் நான்காவது தடவையாகச் சரிந்து விழுந்தபோதும் அவள் கத்தவில்லை. கத்தக் கூடாது என்று குர்ஆன்மேல் சத்தியம் வாங்கியிருந்தார் அவர்.

கம்புச் சோற்றில் நாலு வாய்கூட உள்ளே போயிருக்காது. கரண்டி நழுவி விரிப்பில் விழுந்தது. ஒரு காலத்தில் மல்யுத்தக் களத்தில் 'சிங்கம்! சிங்கம்!' என்று ரூஃபிஸ்க் ஊரே கூவிய உடம்பு, மழையில் ஊறிய மண்சுவர் போலக் கட்டிலில் சாய்ந்தது. நெற்றியில் குப்பென்று வேர்வை. விரல்கள் தந்தியடித்தன.

"மாமா! மாமா, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. கதவைச் சாத்து."

"சுகைனா அக்காவைக் கூப்பிடட்டுமா?"

அந்த நடுக்கத்திலும் அவர் கை பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டை இறுக்கியது. "அவளையா? நான் கண்ணை மூடினா முதல்ல சந்தோஷப்படறவ அவதான். வாயைத் திறந்தே, நாளைக்கே உன் பெட்டி தெருவுல கிடக்கும்."

பெந்தா கதவைச் சாத்தினாள். ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். கின்கெலிபா இலைக் கஷாயத்தை ஒரு கட்டி சர்க்கரைகூடப் போடாமல் கசக்கக் கசக்கப் புகட்டினாள். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை விஷம். அது அவளுக்குத் தெரியும். அது தெரிந்தவள் இந்த வீட்டிலேயே அவள் ஒருத்திதான்.

ஆறு மாதத்துக்கு முன் இதே கட்டிலில் உட்கார்ந்துதான் மாத்திரை அட்டையை அவள் மடியில் போட்டார்.

"சர்க்கரை வியாதியாம். உனக்கு மட்டும்தான் சொல்றேன். சுகைனாவுக்குத் தெரியாது, என் அக்காவுக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. தினம் ஒண்ணு."

"நீங்களே போட்டுக்கலாமே, மாமா?"

"சிங்கம் மாத்திரை முழுங்குதுன்னு எவனாவது பாக்கணுமா? நாளைக்கே ஊரெல்லாம் 'சிங்கத்துக்குப் பல்லு போச்சு, மத்ததும் போச்சு'ன்னு சிரிப்பான். இடிச்சு எதுலயாவது கலந்து குடு. எனக்குத் தெரியவே வேணாம்."

"அக்கா முறை நடக்கிற நாள்ல?"

"அந்த ரெண்டு நாளும் நான் பாத்துக்கறேன். நீ உன் நாளைப் பாரு."

அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மூத்த மனைவி சுகைனாவை விட்டுவிட்டு நேற்று வந்த தன்னிடம் உயிரைக் கொடுத்திருக்கிறாரே என்று.

இப்போது அந்த உயிர் கட்டிலில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மெல்லத் தெளிந்தது. மக்தார் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல மிச்சக் கம்புச் சோற்றைத் தின்றார்.

பெந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பயம் அவர் சாவதைப் பற்றி மட்டும் இல்லை. இந்த அறையில் செத்துவிடுவாரோ என்பதுதான்.

அவளுடைய முதல் புருஷன் மீன்பிடிக்கப் போய்ப் படகோடு போனவன். அன்றிலிருந்தே ஊர் அவள் காலடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. இன்னொரு புருஷனும் அவள் கட்டிலில் போனால் 'காலடி சரியில்லாதவள்' என்பது 'புருஷனை முழுங்குகிறவள்' என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவளுக்கும் ஆறு வயது மகள் நபூவுக்கும் எந்தக் கூரையும் இல்லை.

*

மறுநாள் காலை முற்றத்துக் குழாயடியில் சுகைனா மீன் அலசிக்கொண்டிருந்தாள். பெந்தாவின் முறைதான் நடந்தது. ஆனாலும் மீன்காரி மூத்தவளிடம்தான் நல்ல மீனைக் கொடுப்பாள் என்பதால் வாங்கி அலசித் தருவது அவள் வழக்கம். அவள் வாய் மட்டும் சும்மா இருக்காது.

"நேத்து சீக்கிரமே கதவு சாத்திட்டே போல? அவ்வளவு அவசரமா?"

"காத்து அடிச்சுதுக்கா."

"காத்தா! ரூஃபிஸ்க்ல எனக்குத் தெரியாத காத்து." மீன் செதிள் பெந்தாவின் காலில் தெறித்தது. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன்கிட்டேருந்து என்கிட்ட வர்ற அன்னிக்கு அவருக்கு வாய் வறண்டு கிடக்கு. குடம் குடமா தண்ணி குடிக்கிறாரு. ஆறு தடவை எந்திரிச்சுப் போறாரு. அப்படி என்னத்தடி தின்னக் குடுக்கிறே?"

"நீங்க குடுக்கிறதைத்தான் நானும் குடுக்கிறேன். சோறு, மீனு."

"ம். சோறு மட்டும் தின்னவன் இப்படி வாடி வரமாட்டான்."

கீழ் அறைக் கதவு திறந்தது. மக்தாரின் அக்கா தாபா, ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மக்காவுக்குப் போய் வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவர் ஹாஜியம்மாதான். இந்த வீட்டில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதை அவர் நாக்குத்தான் தீர்மானிக்கும்.

"என்ன சண்டை?"

"சண்டை எங்க, ஹாஜியம்மா? சின்னவளுக்குச் சமையல் சொல்லித் தரேன்."

"சமையலைச் சொல்லிக் குடுத்துடலாம். காலடியைச் சொல்லிக் குடுக்க முடியுமா?" ஹாஜியம்மா பெந்தாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "என் தம்பி இளைச்சுக்கிட்டே வர்றான். நான் கண்ணு தெரியாதவ இல்ல."

பெந்தா மீன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

அன்று மதியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். நாலு தடவை. நாலும் எப்போது?

வீட்டின் சட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு நாள். முறை உள்ளவள் சமைப்பாள், அவர் அவள் அறையில் தூங்குவார். பிற்பகல் அஸர் தொழுகையோடு முறை மாறும். அன்றைக்கு மதியச் சாப்பாடு போகிறவளுடையது, ராத்திரிச் சாப்பாடு வருகிறவளுடையது. முறை உள்ளவளின் வாசல்படியையும் அடுப்பையும் மற்றவள் மிதிக்கக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் வெளியில் நின்றுதான் கூப்பிட வேண்டும்.

நாலு தடவையும் அவர் விழுந்தது பெந்தாவின் முறையில் முதல் சாயங்காலம். இரண்டாம் நாள் ஒருதடவைகூட விழவில்லை.

முதல் சாயங்காலம். அதாவது, மதியம் சுகைனா கையால் சாப்பிட்டுவிட்டு வந்த நாள்.

நறுக்கிய கை அப்படியே நின்றது.

அடுத்த முறை மாறும் நாளுக்காகக் காத்திருந்தாள். துணி உலர்த்தும் சாக்கில் மாடிப்படியில் நின்றாள். அங்கிருந்து சமையலறை ஜன்னல் வழியாக அடுப்பு தெரியும். சுகைனா வேர்க்கடலைக் குழம்பை இறக்கினாள். எல்லோருக்கும் பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி அதன்மேல் ஊற்றினாள். மக்தாருக்கு எப்போதும் தனிக் கிண்ணம். சுகைனா ஒருதரம் திரும்பி வாசலைப் பார்த்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து எதையோ எடுத்தாள். கரண்டியின் முதுகால் ஒரு சின்னக் கோப்பையில் அழுத்தி நசுக்கினாள்.

வெள்ளைப் பொடி.

கிண்ணத்தில் கொட்டிக் கலக்கினாள். குழம்பு அதை விழுங்கிக்கொண்டது.

பெந்தா துணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இவள் கொல்லப் பார்க்கிறாள். அதுவும் எப்படி? தன் கையில் சாகாமல், மெதுவாக ஏறி, என் அறையில் வந்து சாகும்படி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவரும் போவார், நானும் போவேன்.

அன்று சாயங்காலமும் அவர் வேர்த்து நடுங்கினார். ஐந்தாவது தடவை. தெளிந்ததும் பெந்தா பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"மாமா, அக்கா குடுக்கிற மதியச் சாப்பாட்டைக் கொஞ்ச நாள் விட்டுடுங்களேன்."

"ஏன்?"

"அதுல எதையோ கலக்கிறாங்க. என் கண்ணால பாத்தேன்."

மக்தார் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ இதைச் சொல்றே. போன வாரம் அவ வந்து, 'அவ கையால எதையும் குடிக்காதீங்க'ன்னா. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?"

"விளையாட்டில்ல மாமா."

"பொண்டாட்டிங்க ஒருத்திய ஒருத்தி சந்தேகப்படற வரைக்கும் புருஷன் நிம்மதியா தூங்கலாம்னு எங்கப்பா சொல்வாரு." திரும்பிப் படுத்தார். "விளக்கை அணை."

அவர் குறட்டை விடத் தொடங்கினார். பெந்தா இருட்டில் உட்கார்ந்திருந்தாள். 'அவ கையால எதையும் குடிக்காதீங்க.' கஷாயத்தில் தான் மாத்திரை கலப்பதைச் சுகைனா பார்த்துவிட்டாளா? பார்த்திருந்தால், நாளைக்கு இவர் செத்தால், 'நான் பாத்தேன், பொடி கலக்கினா' என்று சொல்ல அவளிடம் சாட்சி இருக்கிறது. தன்னிடம் என்ன இருக்கிறது? வாயைத் திறக்க மாட்டேன் என்ற சத்தியம்.

விடிந்ததும் ம்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு நானும் நபூவும் அங்க வரட்டுமா?"

"தள்ளி வச்சுட்டாரா?"

"இல்ல. நானாத்தான்..."

"நீயாவா? பைத்தியமா உனக்கு? உன்னைக் கட்டிக்க ஒருத்தர் வந்ததே பெரிசு. இங்க மூணு பொண்ணுங்களைக் கட்டிக் குடுக்கணும்மா நான். நீ வந்து உக்காந்தா இந்த வாசல்ல எவன் ஏறுவான்? அனுசரிச்சுப் போ."

போன் வைக்கப்பட்டது. முற்றத்தில் நபூ, சுகைனாவின் காலடியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். "அசையாதடி குரங்கு" என்று சுகைனா அவள் தலையில் செல்லமாகக் குட்டினாள். பொடியை நசுக்கிய அதே விரல்கள்தான்.

*

அடுத்த முறை மாறும் நாளில் பெந்தா மாடிப்படிக்குப் போகவில்லை. நேராகச் சமையலறை வாசலுக்கே போனாள்.

சுகைனாவின் கோப்பையில் இன்றைக்குப் பொடி அதிகமாக இருந்தது. இரண்டு மடங்கு.

பெந்தா படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள்.

சுகைனா சட்டென்று கிண்ணத்தை முந்தானையால் மறைத்தாள். "காலை எடு."

"அக்கா, அந்தக் கிண்ணத்தை எனக்குக் குடுங்க. நான் சாப்பிடறேன்."

"என்னது?"

"எனக்குப் பசிக்குது. அவருக்கு வேற போடுங்க."

"என் முறை முடிய இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள என் அடுப்புல வந்து என் புருஷன் கிண்ணத்துல கை வைக்கிறியா?" சுகைனாவின் முகத்தில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பயம். "ஹாஜியம்மா! வந்து பாருங்க இந்தக் கூத்தை!"

ஹாஜியம்மா வந்தார். பார்த்தார். "பெந்தா, வெளிய வா."

"ஹாஜியம்மா, அந்தச் சாப்பாட்டுல..."

"என்ன இருக்கு? சொல்லு. என்ன இருக்கு?"

பொடி என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். ஒளிந்து பார்த்தேன் என்றால், ஏன் என்பார்கள். அவர் விழுகிறார் என்றால், எங்கே விழுகிறார் என்பார்கள். எல்லா வழியும் சுற்றிக்கொண்டு அவள் கட்டிலில்தான் வந்து முடிந்தது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா உன் முறை வர்ற வரைக்கும் உன் அறையில இரு."

சுகைனா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கூடத்தில் மக்தார் ருசித்துச் சாப்பிடும் சத்தம் பெந்தாவின் அறைவரை கேட்டது. கடைசியில் ஒரு ஏப்பம்.

அஸர் பாங்கு சொன்னது. முறை மாறியது.

பெந்தா சட்டத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குளித்தாள். நல்ல உடை உடுத்தினாள். அறைக்கு வாசப்புகை போட்டாள். கம்பு வேகவைத்தாள். அந்தி மஃரிப் தொழுகை முடிந்து அவர் வந்து உட்கார்ந்தபோது கஷாயக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். மாத்திரை போடுவதா, வேண்டாமா?

வயிற்றில் ஏற்கெனவே சுகைனாவின் விஷம் இருக்கிறது. மருந்தும் போகாவிட்டால் இரண்டும் சேர்ந்து அடிக்குமோ? மருந்து கொடுக்காமல் விட்டு அவர் போய்விட்டால், கொன்றவள் தானே என்று ஆகிவிடாதா?

இடித்துக் கலந்தாள். கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

*

இந்தத் தடவை அவர் கரண்டியையே தொடவில்லை.

"சுகைனா, அந்தச் சன்னலை..." என்றார் பெந்தாவைப் பார்த்து. பேர் மாறியது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வார்த்தை குழறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்படி வேர்த்தது. அப்புறம் கண்கள் மேலே செருக, அப்படியே தரையில் சரிந்தார்.

"மாமா!"

கன்னத்தில் தட்டினாள். உலுக்கினாள். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கஷாயம் உதட்டோரம் வழிந்தது, உள்ளே போகவில்லை.

இதுதான் அது. இத்தனை நாள் காத்திருந்தது இதோ வந்துவிட்டது, என் அறையில், என் முறையில்.

பெந்தா எழுந்தாள். கதவைத் திறந்தாள். முற்றத்தைக் குறுக்கே ஓடிச் சுகைனாவின் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"என்ன போட்டே? சொல்லு, அந்தக் குழம்புல என்ன போட்டே?"

சுகைனா தலையில் துணிகூட இல்லாமல் வெளியே வந்தாள். "என்னடி உளர்றே?"

"வெள்ளைப் பொடி. பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன். அவர் அங்க செத்துக்கிட்டிருக்காரு!"

சுகைனா அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பெந்தாவின் வாசல்படியில் ஒரு கணம் நின்றாள், வழக்கத்தால். பிறகு தாண்டினாள். தரையில் கிடந்தவரின் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று நனைந்திருந்தது.

"நீ என்ன குடுத்தே?" இப்போது சுகைனாவின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "கஷாயத்துல தினம் என்னமோ கலக்கிறியே, அது என்ன?"

"அது மருந்து."

"என்ன மருந்து?"

பெந்தா சத்தியத்தை மீறினாள். "சர்க்கரைக்கு. மாத்திரை. எனக்கு மட்டும்தான் தெரியும்னு..."

சுகைனா இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு அட்டை வந்தது. அதே நீலம், அதே எழுத்து.

"மூணு வருஷமா," என்றாள் சுகைனா. "எனக்கு மட்டும்தான் தெரியும்னுதான் என்கிட்டயும் சொன்னாரு. உன் நாள்ல அவரே பாத்துக்கறேன்னாரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான் மதியச் சாப்பாட்டுல போடுவேன்," என்றாள் சுகைனா.

"நான் ராத்திரி."

"அப்ப முறை மாறுற அன்னிக்கு..."

பெந்தாவின் முறை தொடங்கும் நாளில் மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. அவள் முறை முடிகிற நாளிலோ ஒன்றுமே இல்லை. ஒரு நாள் விழுந்தார், ஒரு நாள் வறண்டார். விழுந்ததை இவள் பார்த்தாள், வறண்டதை அவள் பார்த்தாள்.

"இன்னிக்கு எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு." சுகைனாவின் குரல் உடைந்தது. "நீதான் இனிப்பு குடுத்துக் கெடுக்கிறேன்னு நினைச்சேன். உன் ரெண்டு நாளும் தாங்கட்டும்னு ஒண்ணு கூடப் போட்டேன்."

"நான் ஒண்ணு."

மூன்று.

சுகைனா முதலில் அசைந்தாள். "சர்க்கரைக் கட்டி எங்க?"

"எதுக்கு?"

"இடிச்சுக் கன்னத்துல அடக்கணும். மருந்து ஏறிப்போனா சர்க்கரை அடியோட இறங்கிடும், வேர்த்து விழுவாரு, உடனே இனிப்பு குடுன்னு முதல்ல மாத்திரை வாங்கின அன்னிக்கே ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னா. என்கிட்ட அவர் விழுந்ததே இல்ல. எனக்கு மறந்தே போச்சு."

பெந்தா சர்க்கரை டப்பாவை எடுத்தாள். கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை. ஆறு மாதமாக அவள் ஒரு கட்டிகூடத் தராத பொருள். இவள் சொல்கிறாள் என்று இப்போது வாயில் போடுவதா? அட்டை ஒன்றுதான். ஆனால் அட்டையில் மாத்திரை, பொடியில் வேறெதாவது இருந்திருந்தால்? இவள் தொடங்கியதைத் தன் கையாலேயே முடித்து வைப்பதாக இருந்தால்?

"குடுடி!"

"மாட்டேன். பொய் சொல்றீங்க."

சுகைனா பாயவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டாள். "சரி. நம்பாதே. நானும் உன்னை நம்பல. என் இருபத்தஞ்சு வருஷத்தை எடுத்துக்கிட்டவ நீ. ஆனா இவரு போனா நானும்தான் தெருவுல நிப்பேன். ஹாஜியம்மா வீடு இது." தரையில் கிடந்தவரின் மூச்சு ஒருதரம் நின்று மறுபடி வந்தது. "போடறதுன்னா இப்பப் போடு."

பெந்தா டப்பாவைத் திறந்தாள். ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்து நொறுக்கி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். சுகைனா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தாடையைப் பிடித்தாள். பெந்தாவின் விரல் கன்னத்துக்குள் போனது.

ஒரு கட்டி. இரண்டு. நான்கு.

ஆறாவது கட்டியில் அவர் அவள் விரலைக் கடித்தார்.

*

மக்தார் கண்ணைத் திறந்தபோது வாசலில் ஹாஜியம்மா நின்றுகொண்டிருந்தார். ஓட்டமும் கூச்சலும் வீட்டையே கூட்டிவிட்டிருந்தன.

"என்ன நடக்குது? சுகைனா, உனக்கு இங்க என்ன வேலை? இவன் ஏன் தரையில கிடக்கான்?"

மூன்று பேரும் மக்தாரைப் பார்த்தார்கள். அவர் பார்வை முதலில் சர்க்கரை டப்பாவில் நின்றது. அப்புறம் விரிப்பில் கிடந்த நீல அட்டையில். சுகைனா அதன்மேல் கை வைத்து மூடினாள், பழக்கத்தில்.

"சொல்லுடா. என்ன ஆச்சு?"

மக்தார் உதட்டை நக்கினார். "பெந்தா குடுத்த கஷாயத்தைக் குடிச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

பெந்தா காதில் விழுந்ததை நம்பவில்லை. "மாமா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நினைச்சேன்," என்றார் ஹாஜியம்மா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. "ஒருத்தனைக் கடலுக்குக் குடுத்தே. இவனைக் கோப்பையில முடிக்கப் பாத்தே. பிள்ளையை எழுப்பு. விடியறதுக்குள்ள கிளம்பிடு."

"ஹாஜியம்மா, மாத்திரைதான் நான் குடுத்தேன். அவர்தான் குடுக்கச் சொன்னாரு. மாமா, சொல்லுங்க மாமா!" பெந்தா தன் அட்டையை எடுத்து விரிப்பில் வைத்தாள், ஹாஜியம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"என்ன மாத்திரை? என் தம்பிக்கு என்ன வியாதி? சிங்கம்டி அவன்!" ஹாஜியம்மா ஜெபமாலையை மடித்துப் பைக்குள் போட்டார். "எப்படியும் இந்த அறை காலியாக வேண்டியதுதான். கோலாக் கொட்டை போன வெள்ளியே பள்ளிவாசல்ல பங்கு போட்டாச்சு. பொண்ணுக்கு இருபது வயசு. வர்றவளுக்கு அறை வேணாமா?"

பள்ளிவாசலில் ஆண்கள் கூடிக் கோலாக் கொட்டை பங்கு போட்டுவிட்டால் கல்யாணம் முடிந்தது. வீட்டிலிருக்கும் மனைவிகளுக்குச் சேதி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

மக்தார் ஏன் சுவரைப் பார்க்கிறார் என்று பெந்தாவுக்குப் புரிந்தது. இருபது வயதுப் பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்குச் சிங்கம் வேண்டும். சர்க்கரைக்காரர் வேண்டாம். அதற்கு விலையாக ஒருத்தியைத் தெருவில் தள்ளலாம்.

அவள் சுகைனாவைப் பார்த்தாள்.

சுகைனா வாயைத் திறக்கத் தேவையே இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். நேற்று வந்தவள் நாளைக்குப் போய்விடுவாள். இத்தனை நாளும் அவள் தொழுகையில் கேட்டது அதைத்தானே? அட்டை அவள் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. பெந்தா அந்தக் கையையே பார்த்தாள். அது அசையவில்லை.

"பொண்ணு எந்த ஊரு, ஹாஜியம்மா?" என்று கேட்டாள் சுகைனா.

"அது உனக்கெதுக்கு?"

"அவ கூடவும் இவரு ரெண்டு நாள் இருப்பாரு இல்ல? அவகிட்டயும் போய், 'உனக்கு மட்டும்தான் தெரியும்'னு ஒரு அட்டை குடுப்பாரு." சுகைனா கையை எடுத்தாள். அட்டையைப் பெந்தாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்புறம் ஒரு நாள் என் அறையில விழுவாரு. அன்னிக்கு என் பேரைச் சொல்லுவாரு."

"வாயை மூடு, சுகைனா," என்றார் மக்தார் சுவரைப் பார்த்தபடியே.

"மூணு வருஷமா மூடித்தான் இருந்தேன், மாமா." அவள் ஹாஜியம்மா பக்கம் திரும்பினாள். "உங்க தம்பிக்குச் சர்க்கரை. இன்னிக்கு நான் ரெண்டு குடுத்தேன், அவ ஒண்ணு குடுத்தா. ஒருத்தி குடுக்கிறது ஒருத்திக்குத் தெரியாது. தெரியாம வச்சது அவரு. நம்பலைன்னா டாக்ஸி கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியில கேளுங்க. கூப்பிட்டே ஆகணும், மறுபடியும் வேர்க்குது பாருங்க."

ஹாஜியம்மா இரண்டு அட்டைகளையும் குனிந்து பார்த்தார். பிறகு முதல்முறையாகப் பெந்தாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"டாக்ஸிக்குப் போன் போடு."

*

மூன்றாம் நாள் மக்தார் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹாஜியம்மாவை வைத்துக்கொண்டே வெளுத்து வாங்கினாராம். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் வேறு வண்டிதான் வந்திருக்கும் என்றாராம். சேதி எப்படியோ பெண்வீட்டுக்கும் எட்டியது. பெண்ணை அனுப்ப மழைக்காலம் போகட்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அறையைக் காலி செய்யச் சொல்லியும் யாரும் வரவில்லை.

அஸர் பாங்கு சொன்னது. பெந்தாவின் முறை மறுபடி தொடங்கும் நாள் அது. முற்றத்தின் நடுவில் நின்று, கீழ் வீடு மேல் வீடு எல்லாம் கேட்கும்படி சுகைனா குரல் கொடுத்தாள்.

"பெந்தா! மதியம் ஒண்ணு குடுத்தாச்சு! ராத்திரிக்குக் கிடையாது!"

"சரிக்கா! நாளைக்கு மதியம் என்னுது!"

இருட்டியதும் உள்ளே மக்தார் கம்புச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கரண்டி கையில் இருந்தது. கிண்ணத்தில் இறங்கவில்லை.

"இதுல ஒண்ணும் போடலியே?"

"போடல, மாமா."

"மதியம் அவ ஒண்ணுதானே போட்டா?"

"ஒண்ணுன்னுதான் சொன்னாங்க."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திறந்த கதவு வழியே எதிர் அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்த சுகைனாவைப் பார்த்தார்.

மூன்று என்றால் என்ன ஆகும் என்பது இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெந்தாவுக்குத் தெரியும். சுகைனாவுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நேற்று குழாயடியில் சுகைனா, 'அட்டையை இனிமே நானே வச்சுக்கட்டுமா?' என்று கேட்டபோது பெந்தா, 'ஆளுக்குப் பாதி வச்சுக்கலாம்க்கா' என்றாள். சுகைனா சிரித்தாள். பெந்தாவும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி தன் பாதியை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். எதிர் அறையிலும் விளக்கு வெகுநேரம் எரிந்தது.

"நீ ஒரு வாய் சாப்பிடு முதல்ல," என்றார் மக்தார்.

பெந்தா அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி ஒரு வாய் சாப்பிட்டாள். மென்று விழுங்கினாள். கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் இன்னும் சாப்பிடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்க்கிறதா என்று.

"எவ்வளவு நேரம் பாக்கணும்?" என்று கேட்டார்.

"தெரியல, மாமா," என்றாள் பெந்தா. "உக்காந்திருங்க. நாளை மறுநாள் அஸர் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."